காதால் பிழை திருத்துவோம்: வெறும் எண்களிலிருந்து ஒரு தம்பூரா

பாட்டு வகுப்பில் சேர்ந்த முதல் இரண்டு மாதம் என் ஆசிரியை எனக்குப் பாடவே கற்றுத் தரவில்லை. தம்பூராவுக்குச் சுருதி கூட்டும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "இப்போது சேர்ந்ததா?" என்று மட்டும் கேட்பார். சேரவில்லை என்றால் எந்தத் தந்தி, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் அது தண்டனையாகத்தான் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒலி மென்பொருள் எழுதும் வேலைக்கு வந்தேன். இதுவரை நான் பிடித்த பிழைகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டு மாதத்தின் தயவில்தான் அகப்பட்டன.

சங்கீதம் கற்றவர்கள் இந்தத் துறைக்கு வரத் தயங்குவது கணிதத்துக்குப் பயந்து. நிரலெழுதத் தெரிந்தவர்கள் தயங்குவது தங்கள் காதை நம்பாமல். இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு பயிற்சி சொல்கிறேன். எந்த ஒலிப்பதிவையும் தொடாமல், எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு தந்தித் தம்பூரா ஒன்றைச் செய்யப் போகிறோம். நிரலெழுத்தில் பட்டியல், சுழல், கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். சங்கீதத்தில் ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பது காதுக்குப் பிடிபட்டால் போதும்.

நிரலை வரிவரியாக எழுதித் தரப் போவதில்லை. ஸ்வரப்படுத்திய புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவருக்கும் கேட்டுப் பாடம் செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. எந்தப் படியும் பத்து வரிக்கு மேல் போகாது. முறையைப் புரிந்துகொண்டு நீங்களே எழுதுங்கள்.

தேவையானவை மூன்று. பைத்தான் மொழி; அதோடு எண் பட்டியல்களுக்கு நம்பை தொகுப்பு, வேவ் கோப்பு எழுத பைத்தானோடே வரும் வேவ் தொகுதி. அலை வடிவத்தைப் பார்க்க ஆடாசிட்டி. கடைசியாக ஒரு நல்ல ஹெட்போன். மடிக்கணினியின் ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். நம் மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ஸட்ஜம், 98 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 98 அதிர்வு) இருக்கும். அந்தச் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிகள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை.

படி 1: ஒரு ஸட்ஜம்

கணினிக்கு ஒலி என்பது எண்களின் நீண்ட வரிசை. ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். குறுந்தகடு வந்த காலத்திலிருந்து நொடிக்கு 44,100 சாம்பிள்கள் என்பது வழக்கம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வெண்ணைப் பதிய அதன் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள்கள் வேண்டும் என்பதால் இந்த எண்.

சுருதி 5 கட்டை, அதாவது 196 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு விஷமமான காரணம் உண்டு. நான்காம் படியில் தெரியும். ஐந்து நொடிக்கு ஒரு சைன் அலை எழுதுங்கள். n-ஆவது சாம்பிளின் மதிப்பு: சைன் (2 × பை × 196 × n ÷ 44,100). அதை 0.3ஆல் பெருக்கி அடக்கிக்கொள்ளுங்கள். பிறகு 32,767ஆல் பெருக்கி முழு எண்ணாக்கி, 16 பிட் வேவ் கோப்பாக எழுதுங்கள். பக்கத்தில் சுருதிப் பெட்டி இருந்தால் 5 கட்டையில் வைத்து ஒப்பிடுங்கள். உயிரில்லாத "ஊ" என்ற ஒலி வரும். அவ்வளவுதான், அடுத்தது.

படி 2: விம்மலைக் கேட்கப் பழகுவது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மீதியெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

தந்தி எதுவும் ஒற்றை அதிர்வெண்ணில் ஒலிப்பதில்லை. 196 ஹெர்ட்ஸ் தந்தியில் 392, 588, 784 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். இவற்றைச் சீரிசைகள் என்பார்கள். முதல் படியில் எழுதிய சைன் அலையோடு 2 முதல் 6 வரையுள்ள மடங்குகளையும் சேருங்கள். இரண்டாவதை அரைப் பங்கு, மூன்றாவதை மூன்றில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டே போங்கள். ஒலிக்கு உடனே சதை பிடிக்கும்.

இப்போது இதே மாதிரி ஒரு பஞ்சமம். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3/2, ஆகவே 294 ஹெர்ட்ஸ். இரண்டையும் கூட்டிக் கேளுங்கள். அசையாமல் நிற்கும். அடுத்து, 294க்குப் பதில் 293.67 போட்டுக் கேளுங்கள். இது பியானோவின் சம இடைவெளி முறையில் வரும் பஞ்சமம். சுத்தப் பஞ்சமத்தைவிட 2 சென்ட் குறைவு, அதாவது ஓர் அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. தனியாகப் பாடினால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஸட்ஜத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது, மேலே எங்கோ ஏதோ ஒன்று ஒன்றரை நொடிக்கு ஒரு முறை மெதுவாக வீங்கி வற்றும்.

அதுதான் விம்மல். ஸட்ஜத்தின் மூன்றாம் சீரிசை 588. பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசையும் 588ஆக இருந்திருக்க வேண்டும், 587.34ஆக இருக்கிறது. வித்தியாசம் 0.66 ஹெர்ட்ஸ், ஆகவே ஒன்றரை நொடிக்கு ஒரு விம்மல். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி, பிறகு தந்தியில் கோத்த மணியை நகர்த்தி, தம்பூராவில் நாம் தேடுவது இந்த விம்மல் மெலிந்து நின்றுபோகும் இடத்தைத்தான். பாட்டுக்காரர்கள் "சேர்ந்துவிட்டது" என்று சொல்வது இதை.

விம்மல் காதுக்குப் பிடிபடவில்லை என்றால் பஞ்சமத்தை 292 ஆக்கிக் கேளுங்கள். நொடிக்கு நான்கு முறை அடிக்கும். அங்கிருந்து 293, 293.5 என்று நெருங்கி வாருங்கள். நான் சொல்வது புரிய ஐந்து நிமிடம் ஆகும். பழக ஒரு வாரம் ஆகலாம்.

படி 3: இரைச்சலிலிருந்து தந்தி

1983ஆம் ஆண்டு கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் ஒரு வழியை வெளியிட்டார்கள். இன்று படித்தாலும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கொஞ்சம் இரைச்சலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களைச் சராசரியாக்க வேண்டும். மீட்டிய தந்தி போலவே ஒலிக்கும்.

ஏன் என்று பார்ப்போம். ஒரே துண்டு நொடிக்கு 196 முறை திரும்ப ஒலித்தால் காது அதை 196 ஹெர்ட்ஸ் சுரமாகக் கேட்கிறது. அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்பது நாதத்தின் நிறத்தை மட்டும் தீர்மானிக்கும். சராசரி எடுக்கும்போது கூரான ஏற்ற இறக்கங்கள் முதலில் மழுங்குகின்றன, அதாவது உயர்ந்த சீரிசைகள் சீக்கிரம் தேய்கின்றன, கீழ்ச் சீரிசைகள் நின்று ஒலிக்கின்றன. உண்மையான தந்தியும் இப்படித்தான்: மீட்டிய கணத்தில் பளபளப்பு, போகப் போக மென்மை.

செய்முறை இது. 44,100 ÷ 196 = 225. மீதி இல்லை. −1க்கும் 1க்கும் இடையே 226 ரேண்டம் எண்களைப் பட்டியலில் போடுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் இப்படிக் கணக்கிடுங்கள்: 225 இடம் முன்னால் உள்ள எண்ணையும் 226 இடம் முன்னால் உள்ள எண்ணையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 0.997ஆல் பெருக்குங்கள். ஐந்து நொடி நீளத்துக்கு இதையே செய்துகொண்டு போங்கள். இந்தச் சுழலை நம்பையால் ஒரே அடியில் முடிக்க எளிதில் வராது, ஒவ்வொரு புது எண்ணும் முந்தைய எண்களை நம்பியிருப்பதால். சாதாரணச் சுழலே போதும். ஓரிரு நொடி காத்திருக்க வேண்டும்.

அந்த 0.997 தந்தியின் தேய்மானம். ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு குறைகிறது. நொடிக்கு 196 சுற்று. ஆகவே ஏறக்குறைய 1.2 நொடியில் ஒலி பாதியாகும். இது இல்லாவிட்டால் அடிநாதம் (மடங்குகளுக்கெல்லாம் கீழே உள்ள அந்த 196) தேயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இந்த இடத்தில் எல்லாரும் விழும் குழி ஒன்று. ரேண்டம் எண்களின் சராசரி சுழியமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். இருக்காது, இருநூற்றுச் சொச்சம் எண்களில் கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்திருக்கும். ஆடாசிட்டியில் பார்த்தால் அலை நடுக்கோட்டிலிருந்து விலகி மிதப்பது தெரியும். தந்தி தொடங்கும்போதும் முடியும்போதும் "டப்" என்று ஒரு தட்டு கேட்கும். தொடக்கத்திலேயே 226 எண்களின் சராசரியைக் கண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று, விருப்பமிருந்தால். தம்பூராவை நகத்தால் மீட்டுவதில்லை, விரல் சதையால் வருடுகிறோம். அந்த முதல் 226 எண்களையே ஓடவிடும் முன் ஒரு முறையோ இரண்டு முறையோ பக்கத்து எண்ணோடு சராசரியாக்கிவிட்டால் கம்பியின் கூச்சல் குறைந்து சதையின் தொடுகை வரும். எத்தனை முறை என்பதைக் காதே சொல்லட்டும்.

படி 4: மீதியில்லாத கணக்கு, சேராத சுருதி

இனி மூன்று சுருதிக்கும் தந்தி செய்வோம். தம்பூராவின் நான்கு தந்திகள்: மந்தர பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தர ஸட்ஜம். நடு இரண்டும் ஒரே ஸட்ஜம், 196. பஞ்சமம் அதில் முக்கால், 147. மந்தர ஸட்ஜம் பாதி, 98. நீளங்களைக் கணக்கிட்டால் 44,100 ÷ 147 = 300, 44,100 ÷ 98 = 450. மூன்றும் முழு எண்கள்: 225, 300, 450. இதற்காகத்தான் 5 கட்டையைத் தேர்ந்தெடுத்தேன். பஞ்சமத்துக்கு 301, மந்தரத்துக்கு 451 ரேண்டம் எண்கள் போட்டு, அதே முறையில் மூன்றையும் உண்டாக்கிக் கூட்டுங்கள்.

முதல் முறை இதைச் செய்தபோது எனக்கு ஒரே பெருமிதம். கணக்கில் பிழையே இருக்க முடியாது, மீதி என்று ஒன்று இருந்தால்தானே! கண்ணை மூடிக் கேட்டேன். மூன்று நொடிக்கு ஒரு முறை, மேலே, மெல்லிய விம்மல். தேய்மானத்தைச் சந்தேகித்தேன், ஹெட்போனைச் சந்தேகித்தேன், கடைசியில் என் காதையும். எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் ஆடாசிட்டியின் நிறமாலைப் படத்தைத் திறந்தால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது போலத்தான் தெரிந்தது.

நீங்களும் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் தேய்மானத்தை 0.999 ஆக்கித் தந்தியை நீண்ட நேரம் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

பிழை இங்கே இருக்கிறது. 225 இடம் முன்னால் உள்ள எண்ணையும் 226 இடம் முன்னால் உள்ள எண்ணையும் சரிபாதியாகக் கலக்கிறோம். அப்படியானால் நாம் உண்மையில் எவ்வளவு பின்னால் போகிறோம்? இரண்டுக்கும் நடுவே, 225.5 இடம். சராசரி என்ற செயலே அரைச் சாம்பிள் தாமதத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே ஸட்ஜம் 44,100 ÷ 225.5, அதாவது 195.57 ஹெர்ட்ஸ். நான்கு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கிறது. பஞ்சமம் 44,100 ÷ 300.5 = 146.76. மந்தரம் 44,100 ÷ 450.5 = 97.89.

எல்லாத் தந்தியும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பாதகமில்லை. சுருதி மொத்தமாகக் கொஞ்சம் கீழே என்று விட்டுவிடலாம். ஆனால் குட்டைத் தந்திக்கு அரைச் சாம்பிள் பெரிய இழப்பு, நீளத் தந்திக்குச் சிறிய இழப்பு. ஸட்ஜத்தின் மூன்றாம் சீரிசை 586.70, அதோடு பொருந்த வேண்டிய பஞ்சமத்தின் நான்காம் சீரிசை 587.02. வித்தியாசம் 0.32 ஹெர்ட்ஸ், மூன்று நொடிக்கு ஒரு விம்மல். காது கேட்டது சரிதான்.

நிறமாலை ஏன் காட்டவில்லை? ஆடாசிட்டி 65,536 சாம்பிள்களை எடுத்து ஆராய்ந்தாலும், 44,100 ÷ 65,536 என்ற கணக்கில், அதன் கோடுகளுக்கு இடையே 0.67 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். 0.32 வித்தியாசம் அந்தச் சல்லடையின் கண்ணுக்குள் விழுந்துவிடுகிறது. விம்மலைக் கேட்கும் காது பல நொடிகள் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறது. அதனால் கருவிக்குத் தப்பியது அதற்குத் தப்பவில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் "படத்தில் சரியாக இருக்கிறதே" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 0.32 நினைவுக்கு வரும்.

படி 5: அரையை முழுதாக்குவது

சரி செய்யும் வழி எளிது. இரண்டு எண்களுக்குப் பதில் மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 224, 225, 226 இடம் முன்னால் உள்ளவை. நடு எண்ணுக்கு 0.8 பங்கு, இரு பக்கத்து எண்களுக்கும் 0.1 பங்கு. பக்கங்கள் சமமாக இருப்பதால் நடுப்புள்ளி துல்லியமாக 225இல் விழும். கூட்டிய பிறகு முன்போலவே 0.997ஆல் பெருக்குங்கள். பஞ்சமத்துக்கு 299, 300, 301. மந்தரத்துக்கு 449, 450, 451.

மறுபடி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விம்மல் போய்விட்டிருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த 0.1 என்ற பங்கு இப்போது நாதத்தின் நிறத்துக்கான திருகாக மாறிவிட்டது. 0.05 ஆக்கி நடுவை 0.9 ஆக்கினால் தந்தி பளிச்சென்று ஒலிக்கும், 0.25, 0.5, 0.25 என்றால் மந்தமாக, பஞ்சு சுற்றியது போல் வரும். சுருதி மட்டும் எதற்கும் அசையாது. மூன்றின் கூட்டுத்தொகை 1ஆக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தாண்டினால் ஒலி தேய்வதற்குப் பதில் பெருகிக்கொண்டே போகக்கூடும். ஹெட்போன் போட்டிருக்கும்போது அது வேடிக்கையாக இருக்காது.

படி 6: மீட்டுவது

பஞ்சமத்தை நடுவிரலாலும் மற்ற மூன்றை ஆள்காட்டி விரலாலும் மீட்டுவது தம்பூராவின் வழக்கம். நிரலில் விரல் இல்லை, நேரம்தான் இருக்கிறது. பஞ்சமத்துக்குப் பிறகு ஒரு நொடி, இரு ஸட்ஜங்களில் ஒவ்வொன்றுக்கும் பிறகு 0.9 நொடி, மந்தரத்துக்குப் பிறகு ஒன்றரை நொடி என்று தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மீட்டலின் நேரத்தையும் நூறில் இரண்டு மூன்று நொடி அளவுக்குத் தற்போக்காக நகர்த்துங்கள். பலத்தையும் சற்றே கூட்டிக் குறையுங்கள். தம்பூரா தாளத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. துல்லியமான இடைவெளியில் ஒலித்தால் கேட்கிறவரின் தொடை தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும், பாடுகிறவர் சிக்கிக்கொள்வார்.

ஒவ்வொரு மீட்டலுக்கும் புது ரேண்டம் எண்கள் போடுங்கள். ஒரே மீட்டலைப் பதிந்து வைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். புது மீட்டல் தொடங்கும் முன், அதே தந்தியின் பழைய ஒலியை 441 சாம்பிள்களில், அதாவது நூறில் ஒரு நொடியில், படிப்படியாகச் சுழியத்துக்கு இறக்குங்கள். விரல் தொட்டதும் தந்தி அடங்குகிறதே, அதற்கு ஈடு இது. படிப்படியாக இறக்காமல் வெட்டினால் "டிக்" என்று கேட்கும்.

நான்கையும் கூட்டிய பிறகு, மொத்தத்தில் மிகப் பெரிய எண் எது என்று பார்த்து எல்லாவற்றையும் அதால் வகுத்து, 0.8ஆல் பெருக்கிக் கோப்பில் எழுதுங்கள். இதை மறந்து கரகரவென்ற ஒலியோடு அரை நாள் போராடியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் நான்தான்.

படி 7: ஜீவா

இதுவரை செய்ததைக் கேட்டால் சுருதி சுத்தமாக இருக்கும், ஆனால் தம்பூரா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாழ் என்றோ கிதார் என்றோ சொல்வார்கள். குறைவது ஜீவா. தந்திகளைத் தாங்கும் குதிரையின் வளைந்த மேற்பரப்புக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் அந்தச் சிறு நூல், தந்தி குதிரையை உரசி உரசி அதிரும்படி செய்கிறது; அதனால் சீரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்துக் கீழே இறங்கி வருகின்றன. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவில்லாத சீரிசைகள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்பூராவும் வீணையும் அந்த விதியை மீறுவதை 1921இலேயே சி.வி. ராமன் எழுதினார், காரணம் குதிரை என்றும் காட்டினார்.

அந்த உரசலை அப்படியே கணக்கிடுவது தொடக்க நிலைக்கு அதிகம். ஆனால் அதன் நிழலைப் பிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளரும் இயற்பியலாளருமான ழான்-குளோத் ரிஸே கணினி இசையில் கையாண்ட முறை அது. இதுவரை நாம் விரட்டிய விம்மலையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது!

மந்தர ஸட்ஜத்துக்கு மட்டும் இரண்டாம் படியின் முறைக்குத் திரும்புங்கள்: 98 ஹெர்ட்ஸும் அதன் 20 சீரிசைகளும், ஒவ்வொன்றும் தன் எண்ணுக்கு ஏற்பக் குறைந்து. இதைப் போல ஏழு பிரதிகள் செய்யுங்கள். அவற்றின் அடிநாதங்கள் 0.04 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கட்டும்: 97.88, 97.92, 97.96, 98, 98.04, 98.08, 98.12. ஏழையும் கூட்டி, மூன்று நொடிக்கு ஒரு முறை பாதியாகும்படி தேயவிடுங்கள்.

என்ன நடக்கிறது? தொடக்கத்தில் ஏழும் ஒன்றாக இருக்கின்றன. பிறகு ஒன்றையொன்று விட்டு விலகி மங்குகின்றன. அடிநாதத்தில் இடைவெளி 0.04 என்றால் பத்தாம் சீரிசையில் அது 0.4, ஆகவே பத்தாம் சீரிசை 2.5 நொடியில் மறுபடி ஒன்றுகூடிப் பளிச்சிடும். எட்டாவது 3.1 நொடியில், ஏழாவது 3.6இல், ஆறாவது 4.2இல், ஐந்தாவது சரியாக 5 நொடியில். மேலிருந்து கீழே ஒரு ஏணி இறங்குகிறது.

அந்த ஐந்தாவது எது? 98 × 5 = 490. ஸட்ஜத்திலிருந்து கணக்கிட்டால் 5/4 விகிதம், மேல் ஸ்தாயியில்: அந்தர காந்தாரம். நல்ல தம்பூராவில் யாரும் மீட்டாமல் தானாக எழும் சுயம்பு காந்தாரம் இதுதான். பியானோவில் இதே காந்தாரம் 493.88 ஹெர்ட்ஸ், 14 சென்ட் ஏற்றம். ஐந்தாம் நொடியில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருங்கள். கேட்டதும் அதோடு சேர்ந்து காந்தாரம் பாடிப் பாருங்கள். இந்தக் குரலை முந்தைய படியின் மந்தரத் தந்தியோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். அடுத்த மீட்டல் வரும்போது இதை வெட்ட வேண்டாம், கடைசி வரை ஒலித்துத் தேயட்டும். வெட்டினால் காந்தாரம் பூக்கும் முன்பே போய்விடும்.

இது அசல் ஜீவா அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீட்டும் பலத்துக்கு ஏற்ப இது மாறாது, அசல் மாறும். என் ஆசிரியைக்கு இதைப் போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "காந்தாரம் வருகிறது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறது" என்றார். இடைவெளியை ஒவ்வொரு மீட்டலுக்கும் 0.035க்கும் 0.045க்கும் இடையே மாற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

படி 8: உங்கள் சுருதிக்கு மாற்றுவது

எல்லாரும் 5 கட்டையில் பாடுவதில்லை. ஐந்தரைக் கட்டை, 207.65 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் நீளம் 212.38 என்று வருகிறது. 0.38 சாம்பிளுக்கு எங்கே போவது?

புத்தக வழி, சீரிசைகளின் பலத்தைத் தொடாமல் தாமதத்தை மட்டும் பின்னத்தில் கூட்டும் ஆல்பாஸ் வடிகட்டி. டேவிட் ஜாஃபி, ஜூலியஸ் ஸ்மித் இருவரும் அதே 1983இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் முறையை இப்படி விரிவாக்கினார்கள். பிறகு கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 212 இடம் முன்னால் உள்ளதில் 62 பங்கும் 213இல் 38 பங்கும் கலந்தாலும் சுருதி சேரும். ஆனால் அப்போது ஒவ்வொரு தந்தியின் பின்னமும் வேறாக இருப்பதால், ஒரு தந்தி மந்தமாகவும் இன்னொன்று தகரம் போலவும் ஒலிக்கும். சுருதி சேர்ந்தும் குரல் சேராத தம்பூரா.

பாட்டுக்காரரின் புத்தி வேறு வழி சொல்கிறது. ஸட்ஜத்தின் நீளம் 3ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் பஞ்சமமும் மந்தரமும் தானாக முழு எண்களாகிவிடும். 212.38க்குப் பக்கத்தில் 3ஆல் வகுபடுவது 213. அப்போது பஞ்சமம் 284, மந்தரம் 426. தந்திகளுக்குள் உறவு துல்லியம். மிச்சமிருப்பது மொத்தச் சுருதி மட்டும். அதற்கு வேவ் கோப்பின் தலைப்பில் எழுதும் சாம்பிள் வீதத்தை மாற்றிவிடுங்கள்: 207.65 × 213 = 44,229. நொடிக்கு 44,100 சாம்பிள் என்பதற்குப் பதில் 44,229 என்று எழுதினால் முழுத் தம்பூராவும் அந்த இடத்துக்குப் போய் உட்காரும். ஆண் குரலுக்கு 1 கட்டை, 130.81 ஹெர்ட்ஸ் என்றால் நீளங்கள் 336, 448, 672, வீதம் 43,952.

ஏழாம் படியின் மந்தரக் குரலுக்கும் 98க்குப் பதில் புது அதிர்வெண்ணையும், 44,100க்குப் பதில் புது வீதத்தையும் போட மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன். காந்தாரம் அந்த நாள் முழுவதும் வேறு யாருடைய கச்சேரிக்கோ போயிருந்தது.

பத்து நிமிட நீளத்துக்குக் கோப்பை எழுதிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, மந்தர ஸட்ஜத்தில் ஒரு அகாரம் பிடித்துப் பாருங்கள். எங்காவது உறுத்தினால் எந்தத் தந்தி, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிட்டு நிரலைத் திறங்கள்.